முயலுக்கு வைத்த பொங்கல்

முயல் வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மருமகள். அவள் பெண், என் பேத்தி, மூன்று முடிந்து நாலு நடக்கிறது. ஒரு வெள்ளைப் பொட்டை முயல். ஒரு சாம்பல் நிற ஆண் முயல். ஆறு.

என் மகன் சுவரில் படத்தில் இருந்தான். அவனைச் சேர்க்கவில்லை.

அவன் போனது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில். அன்று ஓ.டி. இருந்தது. கம்பெனி பஸ் கிடைக்காது என்று பைக்கை எடுத்துப் போனான். திரும்பி வரும்போது கார் ஏற்றிப் போகும் நீள லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

மருமகள் எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. சங்கரன்கோவில் பக்கம். செல்போன் செய்யும் கம்பெனிக்கு லைன் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருந்தவள். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கும் பழக்கம். குன்றத்தூர் மலைக் கோவிலில் கல்யாணம் செய்து வைத்தோம். வந்த புதிதில் நாங்கள் 'இன்னா' என்றால் சிரிப்பாள். பிறகு எங்களைவிட அதிகமாக அவள்தான் 'இன்னா' போட்டாள். அவள் அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் அந்த ஊர்ப் பேச்சு வரும்.

வருஷம் திரும்பிப் படையல் போட்டோம். அவள் அம்மா வந்திருந்தாள். சாப்பிட்டு எழுந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காதிய. பிள்ளைக்கு இருவத்தாறு வயசு. இங்கன வச்சு என்ன செய்யப் போறிய?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "இன்னா செய்யப் போறோமா? சோறு போடப் போறோம். எங்க வூட்டுப் பொண்ணு அது."

"சோறு நானும் போடுவேன் மதினி. சோத்துக்கா கேக்கேன்?"

அந்த அம்மா கேட்டது எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கும் புரிந்தது. இலைகளை எடுத்து மடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மருமகள் அம்மாவிடம், "இப்ப வரலம்மா. பொறவு பாப்போம்" என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வந்தது. போன் மணி அடித்தாலே என் மனைவி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள்.

ஒரு நாள் மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, வூட்லயே எதாச்சும் பண்ணணும். சும்மா உக்காந்துகினு இருந்தா அம்மா கூப்ட்டுகினேதான் இருக்கும். கையில ஒரு வேலை இருந்தா, வேலை கீது வர முடியாதுன்னு சொல்லலாம்."

மறுபடி லைனுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில்தான் போகும்.

ஆடு வளர்க்கலாம் என்றேன். "மேய்க்க எங்க போவீங்க மாமா?" என்றாள். சரிதான். எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் காம்பவுண்டுச் சுவர்.

"முயல் வளக்கலாம்" என்றாள். போனில் பார்த்திருக்கிறாள்.

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "முயலா? அது காட்டுல ஓடற ஜந்து. வூட்ல இன்னாத்துக்கு?"

"புல்லு மட்டும்தான் அத்தை திங்கும்."

புல் என்றதும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கம்பெனியில் தோட்ட வேலை. கான்ட்ராக்ட்தான். புல்தரையில் நடக்கக் கூடாது என்று போர்டு இருக்கும். யாரும் நடக்க மாட்டார்கள். நாங்கள் நாலு பேர் அதை வெட்டுவோம், தண்ணி விடுவோம், மறுபடி வெட்டுவோம். வெட்டியதை மூட்டையில் கட்டிக் குப்பையில் போடுவோம். சூப்பர்வைசரைக் கேட்டேன். "குப்பைதானே, எடுத்துனு போ" என்றார். அப்படித்தான் முயல் என்று முடிவானது.

குன்றத்தூரில் ஒருவர் மாடியில் முயல் வைத்திருக்கிறார். லேத்தில் வேலை செய்பவர். நானும் மருமகளும் போனோம். அவர் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து காட்டினார்.

"மருந்தடிச்ச புல்லு வேணாம். ஈரப் புல்லு வேணாம், வெயில்ல வாட்டிப் போடுங்க. ஆணும் பொட்டையும் ஒரே கூண்டுல வேணாம், கடிச்சிக்கும். சேர்க்கணும்னா பொட்டைய தூக்கினு போய் ஆண் கூண்டுல விடணும். சோறு கீறு போட்டுறாதீங்க, வயிறு ஊதிக்கும். நாய் பூனை பாத்துக்கோங்க."

மருமகள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "குட்டி போடறது எப்படித் தெரியும்?" என்றாள்.

"அதுவே தன் வயித்து முடிய புடுங்கி மெத்தை போட்டுக்கும்மா. முடி பறந்தா பயப்படாதீங்க. குட்டி வரப் போகுதுன்னு அர்த்தம்."

இரண்டையும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பெட்டி அவள் மடியில். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா அது, பூனையா?"

"முயலுண்ணா."

"அதுக்கு டிக்கெட் யாரு எடுப்பா?"

"ஒன்னு லேடீஸுண்ணா, அதுக்கு ஃப்ரீ. இன்னொன்னுக்கு வேணா கிழிங்க."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கூண்டு நானே அடித்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் பழைய பேலட் கட்டை கிடைக்கும். மெஷின் கட்டி வந்த பலகை. கம்பி வலை ஹார்டுவேர் கடையில். மாட்டுக் கொட்டாய் காலியாகத்தான் கிடந்தது. மாடு விற்று ரொம்ப வருஷம். அதன் பிறகு மகனின் பைக் அங்கே நின்றது. பிறகு அதுவும் இல்லை. இரண்டு கூண்டுகளையும் அங்கே வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு மகனுக்குக் கம்பெனியில் கொடுத்த எவர்சில்வர் டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. மருமகள் அதில் தண்ணி ஊற்றி வெள்ளை முயலின் கூண்டில் வைத்தாள். என் மனைவி பார்த்தாள்.

"அது அவனுதுமா."

"தெரியும் அத்தை."

டப்பா அங்கேயே இருந்தது.

என் மனைவி முதலில் கொட்டாய்ப் பக்கமே போகவில்லை. "எலி மாதிரி கீது" என்றாள். பிறகு ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால், கூண்டு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரையை ஒவ்வொரு காம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "ஆஞ்சு வச்ச கீரை மிச்சம்" என்றாள். அந்த நேரத்தில் யார் கீரை ஆய்வார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "இன்னாபா, முயலு வளக்கிறியாமே? எப்ப பிரியாணி?"

என் மனைவி கத்தினாள். "உனக்கு எலும்புகூட கிடையாது, போ. உன் வூட்டுக் கோழிய நீ துண்ணு."

கறிக்கு இல்லை என்று மருமகள் முதலிலேயே சொல்லியிருந்தாள். வளர்க்கிறவர்களுக்குக் குட்டியாகக் கொடுப்பது. அதுதான் ஏற்பாடு.

சேர்க்கிற அன்று கொஞ்சம் சங்கடம். மருமகள் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் சாம்பலின் கூண்டைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன். என் மனைவி வந்து முயலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமனாரும் மருமவளும் நின்னு பாக்கற வேலையா இது? போங்க ரெண்டு பேரும். நான் பாத்துக்கறேன்."

முதல் தடவை தங்கவில்லை. மார்கழியில் தங்கியது. குன்றத்தூர்க்காரர் இந்தப் பக்கம் வந்தபோது வெள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "மணி மணியா தட்டுது. செனைதான். பொங்கல் முடிஞ்ச கையோட போட்டுரும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் தானே அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நாங்கள் கேட்க வேண்டும் என்று போட்டாளோ என்னவோ.

"முயலு சினையா இருக்கும்மா. குட்டி போட்டு, கண்ணு தொறந்து, புல்லு திங்கட்டும். பொறவு வாரேன்."

"எளா, முயலுக்காண்டியா அங்க கெடக்க?"

"ஆமா."

"சரி. தை முடியட்டும். அதுக்கு மேல கேக்க மாட்டேன். வந்து கூட்டிட்டுத்தான் போவேன்."

அன்று சாயங்காலம் என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"முயலு வருஷம் பூரா குட்டி போடுமாமே. குன்றத்தூர் ஆளு சொன்னாரு."

"ஆமா."

"ஒன்னு கண்ணு தொறந்து புல்லு துன்றதுக்குள்ள அடுத்தது செனையாயிடும்."

"ஆயிடும்."

"அப்புறம் தை எங்க முடியறது?"

அவள் முறத்தைத் தட்டினாள். முகம் தெளிவாக இருந்தது. அந்த அம்மா சொல்வது நியாயம் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வயது. ஆனால் முறத்தைத் தட்டும் அந்தச் சத்தம் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சாவு விழுந்த வீடு. முந்தின தையில் பொங்கல் வைக்கவில்லை. இந்தத் தடவை வைத்தோம். மறுநாள் மாட்டுப்பொங்கல். காலையில் என் மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து சொன்னாள்.

"கொட்டாய் எத்தினி வருஷமா சும்மா கெடந்துது. இப்பதான் ஒரு ஜீவன் கீது. இதுங்களுக்குத்தான் இந்த வூட்ல மாட்டுப்பொங்கல்."

மருமகள், "முயலுக்கா அத்தை?" என்றாள்.

"இன்னா இப்ப? மாடு இல்லாதவங்க சாமி கும்பிடக் கூடாதா?"

எங்கள் வீட்டில் மாடு இருந்தபோது என்ன செய்தோமோ அதையே செய்தோம். முதலில் குளிப்பாட்ட வேண்டும். முதலில் சாம்பலைப் பிடித்தோம். அது திமிறிக் கையைப் பிராண்டிவிட்டு மிச்சமிருந்த பேலட் அடியில் புகுந்துகொண்டது. "வுடு. அது ஆம்பள. அதுக்கெதுக்குக் குளியல்" என்றாள் என் மனைவி. வெள்ளை சாதுவாக இருந்தது. மருமகள் அதைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி சொம்பால் ஊற்றினாள். போர் தண்ணி வெதுவெதுப்பாகத்தான் வந்தது. காற்று சில்லென்று இருந்தது.

நனைந்ததும் முயல் பாதியாகிவிட்டது. இரண்டு காது. ஒரு பெரிய வயிறு. வேறொன்றும் இல்லை.

மருமகள் அதைப் பார்த்தாள். "அத்தை, பாருங்களேன். இவள வயித்துல வச்சிகினு இருந்தப்ப நான் இப்பிடித்தான இருந்தேன்? அவரு கிண்டல் பண்ணுவாரே, குச்சியில பூசணிக்காய சொருவினாப்ல கீறேன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. என் மனைவியும் சிரித்தாள். பேத்திக்கு ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள். நான் கொட்டாய்க் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

மஞ்சள் தடவினோம். நெற்றியில் குங்குமம். கழுத்தில் ஒரு சாமந்தியை நூலில் கட்டினாள் என் மனைவி. பேத்தி தட்டைத் தட்டிக்கொண்டு, "பொங்கலோ பொங்கல்" என்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல். மாட்டுக்கு வீட்டு ஆம்பளைதான் ஊட்ட வேண்டும். நான் ஊட்டினேன். சோறு வேண்டாம் என்று குன்றத்தூர்க்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு வாய்தானே, சாமிக்குப் படைத்ததுதானே என்று மூன்று பேருமே நினைத்தோம். வெள்ளை ஆசையாகத் தின்றது. இலையையும் தின்றது. இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

சாயங்காலம் அது மூலையில் குறுகி உட்கார்ந்தது. காது முதுகோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. புல்லைத் தொடவில்லை. உள்முடி இன்னும் ஈரமாக இருந்தது. மருமகள் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கூண்டைத் தூக்கி வந்து அடுப்புப் பக்கம் வைத்தோம்.

விடிந்ததும் என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "முடி! முடி புடுங்கிகீது! எழுந்து வாமா, குட்டி வரப் போவுது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். குட்டிக்காக வைத்த பெட்டி முழுக்க வெள்ளை முடி. மஞ்சள் பட்ட முடியும் அதில் இருந்தது. குட்டி இல்லை. முயல் பெட்டிக்கு வெளியே ஒருச்சாய்ந்து கிடந்தது. வயிறு தவில் மாதிரி இறுகி இருந்தது. மூச்சு இருந்தது.

மாட்டாஸ்பத்திரி ஸ்ரீபெரும்புதூரில். நான் டி.வி.எஸ்.ஸை எடுத்தேன். அந்த ரோட்டில்தான் போக வேண்டும். "நீ இரும்மா, நான் போய்ட்டு வரேன்" என்றேன். அவள் முயலை ஓட்டை போட்ட அந்த அட்டைப் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. இடம் போய்விட்டது. கை விடவில்லை.

காணும் பொங்கல். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. ரோடு முழுக்க வேனில் ஜனங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். மெடிக்கல் ஒன்றில் கேட்டேன். "முயலுக்கா?" என்று கேட்டு, இல்லை என்று தலையாட்டினான் கடைக்காரன். திரும்பி வந்தால் மருமகள் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியை மூடிவிட்டிருந்தாள்.

"போலாம் மாமா" என்றாள்.

கொட்டாய்க்குப் பின்னால் புதைத்தேன். குட்டிகள் உள்ளேயே இருந்தன. எத்தனை என்று பார்க்கவில்லை.

என் மனைவி, "நான்தாம்மா தண்ணி ஊத்தினேன்" என்றாள்.

"நான்தான அத்தை புடிச்சிகினு இருந்தேன்" என்றாள் மருமகள்.

ஊட்டியது நான். அதை யாரும் சொல்லவில்லை.

குன்றத்தூர்க்காரருக்குப் போன் செய்து சொன்னேன். "முயல எவனுங்க குளிப்பாட்டுவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குளிப்பாட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பிறகு, "எங்கிட்ட இன்னொரு பொட்டை கீது. காசு வேணாம். வந்து எடுத்துனு போங்க" என்றார்.

என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "இப்பவே போய் வாங்கியாந்துரலாம். வா பொண்ணே."

மருமகள் கொட்டாயில் திரும்ப வைத்த கூண்டின் முன் உட்கார்ந்து, குட்டிப் பெட்டியில் இருந்த முடியைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அத்தை."

"ஏம்மா? அவரே சும்மா தரேங்கறாரு."

"அதையும் விடிஞ்சா கீதா இல்லியான்னு எழுந்து எழுந்து பாக்கணும். என்னால முடியாது அத்தை."

என் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவையோடு சாணித் தரையில் உட்கார்ந்தாள்.

நான் மருமகளிடம் கேட்டேன். "அம்மாவ வரச் சொல்லட்டுமாம்மா?"

அவள் தண்ணி டப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்க மாமா."

நான்தான் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, முயலு குட்டி போட்டுட்டா?" என்றாள் அந்த அம்மா.

"இல்லம்மா. செத்துப் போச்சு."

"ஐயோ பாவம்." பிறகு கேட்டாள். "பிள்ளை அழுதாளா?"

"அழல."

"அப்ப நான் வாரேன்."

வந்தாள். என் மனைவி அவளுக்குச் சோறு போட்டாள். இரண்டு பேரும் அன்று சண்டை போடவில்லை. என்னோடுதான் என் மனைவி பேசவில்லை. பேத்தியின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். சின்னதாகிப்போன கவுனையும் வைத்தாள். மருமகள் அதை எடுத்து வெளியே வைத்தாள். என் மனைவி மறுபடி உள்ளே வைத்தாள்.

கிளம்பும் முன் மருமகள் கொட்டாய்க்குப் போனாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்து அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். என் மனைவி பையின் வாயைக் கட்டினாள். நான் சாம்பலின் கிண்ணத்தில் தண்ணி ஊற்றினேன்.

கிளாம்பாக்கம் வரை போய் ஏற்றிவிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் பேத்தி கேட்டாள். "தாத்தா, சாம்பலையும் இட்டுனு வந்திருக்கலாம்ல?"

"பஸ்ல டிக்கெட் கேப்பாங்கடா."

அவள் யோசித்தாள். "ஆமா. அது ஆம்பள."

அவள் அம்மா எப்போதோ அந்த பஸ் கதையைச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மருமகள் என் காலைத் தொட்டாள். "வாரேன் மாமா" என்றாள். அவள் அம்மா சொல்வது போலவே சொன்னாள். நல்லா இரும்மா என்று சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்து வந்தேன். தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடாமல் என் மனைவி கொட்டாயில் இருந்தாள். முயலுக்கு முருங்கைக்கீரை நீட்டிக்கொண்டிருந்தாள். அது ஒவ்வொரு காம்பாக இழுத்துக்கொண்டது.

"புல்லு எங்க?" என்றாள். என்னோடு பேசி நாலைந்து நாள் ஆகியிருந்தது.

"நாளைக்குக் கொண்டாறேன்."

"வாட்டிக் கொண்டா."

கொண்டுவந்தேன். இன்னும் கொண்டுவருகிறேன். முடி இருந்த பெட்டியை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. போன தை மாட்டுப்பொங்கலுக்கு வெறுமனே சூடம் மட்டும் காட்டினோம். அதுவும் தள்ளி நின்று. அங்கே மருமகளுக்கு மறுபடி மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையில் பேத்தி போனில் பேசுவாள். இப்போது அவளும் 'வாரேன்' என்கிறாள்.

வீட்டில் இருப்பவர்கள்: என் மனைவி. நான். கூண்டில் சாம்பல்.

மூன்று.